பதினான்கு

பால் டப்பாவிலும் இதே தேதிதான்:
மார்ச் முப்பத்தொன்று.
திறந்து முகர்ந்தேன், கெடவில்லை.
என்னை முகர்ந்து பார்க்கத்தான்
வழி தெரியவில்லை.

வெளியே தாம்சன் நகரம், மைனஸ் பத்தொன்பது.
திரையில் ஒரு மஞ்சள் பட்டை:
‘ஓலேனா ஹ்ரிட்சாக், பயிற்சிப் பொறியாளர்.
இன்று நள்ளிரவில் காலாவதி.’

நினைவூட்டல் கடிதங்கள் மூன்றும்
வின்னிபெக்கில் நான் காலி செய்த வீட்டுக்குப் போயிருக்கின்றன.
இப்போது அங்கே குடியிருப்பவர் நல்ல மனிதர்.
பீட்சா கூப்பன்களோடு
பத்திரமாக அடுக்கி வைத்திருந்தாராம்.

சுண்டுவிரலில் இரும்பு மோதிரம்
விசைப்பலகை விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கிறது.
பட்டம் வாங்கிய வாரம் போட்டது.
அதற்குக் காலாவதி கிடையாது.
அதைக் காட்டி
ஒரு வரைபடத்தில்கூட முத்திரை குத்த முடியாது.

கட்டணம் கட்டியாயிற்று.
தொழில்நெறி வகுப்பு, முகவரி மாற்றம்,
‘குற்ற வழக்கு ஏதும் உண்டா?’
இல்லை, இல்லை, இல்லை.
மிச்சம் ஒரே ஒரு கட்டம்.
மேற்பார்வையாளர் உறுதிமொழி.

அந்தக் கட்டத்துக்குள்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்
டார்சி ஃப்ளெட்.

ஆறாம் எண் நெடுஞ்சாலை, பெயரில்லாத ஓர் ஓடை,
அதன் மேல் ஒரு மதகு.
‘குழாய் போதாது’ என்றேன், எட்டுப் பேர் முன்னால்.
‘பனி உருகட்டும், பார்ப்போம்’ என்றார்.
உருகியது.
அந்த ஆண்டு ஓடை அவர் பக்கம் பேசியது.
அடுத்த ஆண்டு என் பக்கம்.
அப்போது நான் அங்கே இல்லை,
வேறு நிறுவனம், வேறு மேசை.
அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

ஏழு மணிக்கு எழுதினேன்:
‘தங்களிடம் பதினாறு மாதம் பணிபுரிந்தேன்.
உறுதிப்படுத்த வேண்டுகிறேன்.’
வேண்டுகிறேன் என்பதை
இரண்டு முறை அழித்து
மூன்றாம் முறை விட்டுவைத்தேன்.

எட்டே காலுக்குப் பதில் வந்தது,
ஏதோ சாலைமுகாமிலிருந்து.
‘பதினான்கு.’
வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை.

கிழவனுக்கு இன்னும் ஆறவில்லை பார்,
இரண்டு மாதத்தைக் கிள்ளி எடுத்துப்
பழி தீர்க்கிறான் என்று
குளிர்பெட்டியிடம் சொன்னேன்.
நிரூபிக்கத்தான் எடுத்தேன்
மழையில் நனையாத அந்த ஆரஞ்சு நோட்டை.

நவம்பர் பத்து: ஜல்லி லாரி முப்பத்தொன்பது.
நவம்பர் பதினொன்று: விடுமுறை.
பன்னிரண்டு: நாற்பத்திரண்டு. காபி உறைந்துவிட்டது.
டிசம்பர் மூன்று: லாரி. லாரி. லாரி.
ஐந்து ஐந்தாகக் கட்டிய பென்சில் கோடுகள்,
என் கையெழுத்துதான்.
இரண்டு மாதத்தில் ஒரு கூட்டல்கூட
இருபத்தைந்தாவது லாரியைத் தாண்டி யோசிக்கவில்லை.

பதினாறை அழித்தேன்.
ஜூனில் கிடைக்க வேண்டிய தகுதி ஆகஸ்டுக்குப் போனது.
போகட்டும்.
பதினான்கு என்று அடித்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.
ஒன்பது. பத்து. பத்தரை.
அவருடைய முகாமில் சிக்னல்
கூடாரத்துக்கு வெளியேதான் கிடைக்கும்,
அதுவும் லாரி மேல் ஏறி நின்றால்.

பதினொன்று இருபதுக்குக் கட்டம் பச்சையானது.
அதன் கீழே, ‘தொழில்முறைத் தீர்ப்பு, சான்று தருக’ என்ற இடத்தில்
யாரும் நிரப்பாமல் விடும் அந்த இடத்தில்
ஒற்றை விரலால் தட்டியது போல
எழுத்துப் பிழையோடு:

‘ஏப்ரல் 9. குழாய் அளவில் என்னோடு உடன்படவில்லை.
காரணங்களை எழுத்தில் கொடுத்தார். நான்கு பக்கம்.
வைத்திருக்கிறேன்.’

இரண்டு மாத லாரிகள் கணக்கில் சேரவில்லை,
ஒரு மத்தியானச் சண்டை சேர்ந்துவிட்டது.

மஞ்சள் பட்டை போய்
வெள்ளையாய் இன்னொரு தேதி வந்தது.
அடுத்த மார்ச், அதே முப்பத்தொன்று.
முகவரியை மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன்.

பாலைப் புதுப்பிக்க இணையத்தில் வழியில்லை.
பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில்
டப்பாவோடு கவிழ்த்துக் குடித்தேன்.